கமலாசனி எழுதிய மின்னேற்றங்கள்

கமலாசனியைப் பற்றிக் கிளிநொச்சித் தர்மபுரத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே கதைதான். கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பியின் வேலையைப் பார்த்து எழுதி, கொழும்புக் கொம்பனி ஒன்றில் கையும் மெய்யுமாக மாட்டுப்பட்ட பிள்ளை என்பார்கள். சொல்கிறவர்களுக்கு அந்த வேலை என்னவென்றும் தெரியாது, அதை யார் எழுதியது என்றும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கமலாசனி வீட்டுக்கு முன்வீட்டுக்காரன், பெயர் பிரசாந்தன், வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். ஊர் வாயை மூடுவதற்கு எனக்குப் பலமில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

வீரகத்தி மாமாவுக்கும் நேசமலர் மாமிக்கும் கமலாசனி ஒரே பிள்ளை. மாமா வயல் செய்கிறவர், வாய் திறந்து கதைக்கமாட்டார். வீட்டில் கதை முழுக்க மாமியுடையது. மாமியின் வாய்க்கு மேலே ஒரு வாய் இருந்தது. அது கனடாவில் இருந்தது. மாமியின் அக்கா கமலேஸ்வரி. சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது அவர்தான். கமலாசனியை வவுனியாவில் பல்கலைக்கழகம் படிக்க வைத்ததும் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டத் தேவையில்லாத அளவுக்கு மாமி அதைத் தானே தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

கணினி படித்துப் பட்டம் எடுத்து வந்த பிள்ளைக்கு வேலை இல்லை. அரசாங்க நியமனம் வரும் என்று காத்திருந்தாள். அவளுடைய வயதுக்காரிகள் கலியாணம் முடித்துப் பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைக்குப் போனால், "என்ன பிள்ளை, இன்னும் ஒண்டும் வரேல்லையோ" என்று கேட்பார்கள். கேட்பது கரிசனையில் அல்ல என்பது அவளுக்கும் தெரியும். பிறகு கடைக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மாவின் மகன் சுஜிதன் கனடாவில் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கத் தொடங்கினான். முதலில் வகுப்பில் செய்யக் கொடுத்த ஒரு ஒப்படையை அனுப்பி, அக்கா இதை ஒருக்காப் பாருங்கோ என்று கேட்டான். பார்த்துக் கொடுத்தாள். அடுத்த தடவை, அக்கா இதைச் செய்து தாங்கோ என்றான். செய்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் கேள்வியை அனுப்புவான், இவள் விடையை அனுப்புவாள், அவ்வளவுதான். பெரியம்மா போன் எடுத்து, "பிள்ளை, உன்னாலைதான் அவன் தலைநிமிர்ந்து நிக்கிறான்" என்று சொல்வார். மாமி அந்த வார்த்தையை ஒழுங்கையில் வீடு வீடாகக் கொண்டு திரிந்தார்.

நான் இதைக் கண்டித்தேன். ஒருவனுக்குப் படிப்பித்துக் கொடுக்கலாம், ஒருவனுக்காகப் படிக்க முடியுமா என்று கேட்டேன். கமலாசனி கோபிக்கவில்லை. உண்மையில் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வேறு யாரும் அவளிடம் வேலை கேட்கவில்லையே. கணினிக்கு முன்னால் இருக்கும் நேரம் மட்டும்தான் அவளுடைய முகத்தில் வெளிச்சம் இருக்கும். மற்ற நேரம் பார்த்தால் நோயாளி மாதிரி இருப்பாள்.

ஒருநாள் அவர்கள் வீட்டு மீற்றர் பெட்டியில் எறும்பு குடியேறிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனபோது அவளுடைய திரையில் ஒரு படம் இருந்தது. சிவப்பும் நீலமுமாக, மேடும் பள்ளமுமாக, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகிற மாதிரி. இது என்ன பிள்ளை, மழை வரப்போகும் படமோ என்று பகிடியாகக் கேட்டேன். இது உங்கடை சாமான்தான் அண்ணை, மின்னழுத்தம் என்றாள். எனக்கு ரோசம் வந்தது. மின்னழுத்தம் என்றால் சோதனைக் குச்சியை வைத்தால் பற்றுகிற சங்கதி. அதில் எங்கே சிவப்பு, எங்கே நீலம்?

அவள் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தி விளங்கப்படுத்தினாள். மின்னேற்றங்களை, அதாவது மின்சாரம் ஏறிய புள்ளிகளை, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வைத்தால், சுற்றியிருக்கிற ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று கணக்குப் பார்த்துப் படமாகக் கீறிக் கொடுக்கும் கணினிச் செய்நிரல் அது. சுஜிதனுடைய ஒப்படை. அதை எழுதுகிற முறைக்குப் பொருள்நோக்கு முறை என்று பெயராம். அவள் சொன்ன விளக்கம் எனக்கு இன்றைக்கும் பாடம்.

"ஒவ்வொரு ஏற்றத்தையும் ஒரு ஆள் மாதிரி நினைச்சு எழுதுறது அண்ணை. தான் எங்கை நிக்கிறன், தன்னட்டை எவ்வளவு இருக்கு எண்டு அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியாலை நிண்டு ஒருத்தரும் கைவைச்சு மாத்தேலாது. இந்த இடத்திலை உன்னாலை எவ்வளவு அழுத்தம் எண்டு கேட்டால் பதில் சொல்லும். எல்லாரையும் கேட்டுக் கூட்டினால் சரி."

கிட்ட நின்றால் அழுத்தம் கூடும், எட்டப் போகப் போகக் குறையும். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் பூச்சியமாகாது என்றும் சொன்னாள். அப்படியென்றால் அது உன்ரை பெரியம்மாதான் என்று நான் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற மாமி சிரிக்கவில்லை.

ஆளை ஒருமுறை எழுதி வைத்தால் போதும், பிறகு எத்தனை தரம் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம் என்பதும் அந்த முறையின் விசேஷம் என்றாள். சரியாக ஓடுகிற ஒன்றைத் திரும்ப எழுதுவது அவர்களுடைய தொழிலில் மோட்டு வேலையாம். அதையும் நான் கேட்டுக்கொண்டேன்.

செய்நிரலை ஓட்டிப் பார்க்க ஏற்றங்களை எங்கெங்கே வைப்பது என்பது அவள் இஷ்டம். வேறு யாரும் என்றால் வாயில் வந்த இலக்கங்களைப் போட்டிருப்பார்கள். இவளுக்கு அப்படிப் பொய்யாய் ஒரு இடத்தைப் போட மனம் வரவில்லை. மாமாவின் அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டு வளவுக்குள் இறங்கினாள். நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தது நான். கிணறு, மாட்டுக்கொட்டில், வேம்பு, தண்ணீர்த் தாங்கி, வாசற்படலை, பின்பக்கத்தில் ஷெல்லடிக்கு ஒளிக்க வெட்டிப் பிறகு மூடிவிட்ட பங்கர் இருந்த இடம் என்று ஒவ்வொன்றையும் வீட்டு மூலையிலிருந்து அளந்து எழுதினாள். பிடித்த இடங்களுக்கு நேர் ஏற்றம், பிடிக்காத இடங்களுக்கு மறை ஏற்றம். கிணற்றுக்கு நல்ல பெரிய நேர் ஏற்றம் கொடுத்தாள். பங்கருக்குக் கொடுத்த மறை ஏற்றம் எல்லாவற்றையும் விடப் பெரியது. படத்தில் அந்த இடம் கடும் நீலமாகக் கிடந்தது. ஏன் இவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பங்கருக்குள் அவள் இருந்தபோது அவளுக்குப் பாடசாலை போகும் வயது.

சுஜிதனுக்கு அந்த ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. தன் கெட்டித்தனம் எல்லோருக்கும் தெரியட்டும் என்று அவன் அதை அப்படியே இணையத்தில் தன் பெயர் போட்டு ஏற்றிவிட்டான். இவளுக்கு அது தெரியாது. பிறகு சில காலம் கேள்விகள் வந்தன. பிறகு, இனி நானே பாத்துக்கொள்ளுறன் அக்கா என்று ஒரு செய்தி வந்தது, அதோடு நின்றுவிட்டது. பொடியன் படித்துத் தேறிவிட்டான் என்று இவள் சந்தோசப்பட்டாள். கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கொழும்புக் கொம்பனியின் விளம்பரத்தைக் கண்டாள். நில வரைபடங்களுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. சோதனைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: சில புள்ளிகளையும் அவற்றின் அளவுகளையும் வைத்து, சுற்றியுள்ள நிலத்துக்கு நிறம் தீட்டும் செய்நிரல் எழுத வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். தான் எழுதிய மின்னேற்றம் கையில் இருந்தது. சரியாக ஓடுகிறதைத் திரும்ப எழுதக் கூடாது என்பதுதானே அவளுடைய தொழிலின் சட்டம். அதை எடுத்தாள், மேலும் அழகாக்கினாள், பரிசோதிக்கத் தன் வளவின் புள்ளிகளையே போட்டாள், அனுப்பினாள்.

பதில் நல்லதாக வந்தது. உங்கள் வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, கணினியில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று நாள் குறித்தார்கள். அந்தக் கிழமை முழுக்க அவள் வேறு ஒரு பெண்ணாக இருந்தாள். தலையில் பூ வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மாமா மத்தியானம் வயலில் நின்று என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஒண்டு சரிவருது போலை கிடக்கு என்றார். அவர் தானாக என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

குறித்த நாளுக்கு முந்தின நாள் இன்னொரு செய்தி வந்தது. நீங்கள் அனுப்பிய செய்நிரல் கனடாவில் உள்ள ஒரு மாணவர் ஏற்கெனவே வெளியிட்டதோடு ஒத்திருக்கிறது, புள்ளிகள்கூட அதே வரிசையில் அதே இலக்கங்கள், நாளைக்கு இதற்கு விளக்கம் தரவேண்டும் என்று. அவள் சுஜிதனுக்குப் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னாள். பெரியம்மா கேட்டுவிட்டுப் போனை வைத்தவர், கொஞ்ச நேரத்தில் மாமியின் போனுக்கு எடுத்தார். நான் அப்போது மறுநாளுக்குக் கரண்ட் போனாலும் தாங்கும்படி அவர்களுக்கு ஒரு பற்றரி பூட்டிக்கொண்டிருந்தேன். போனில் அழுகை வெளியே கேட்டது. அடுத்த மாதம் அவனுக்குப் பட்டமளிப்பு, இது வெளியில் வந்தால் பட்டத்தைப் பறித்துவிடுவார்கள், பிள்ளை செத்துப்போவான் என்று.

மாமி போனை வைத்துவிட்டு வந்து மகளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அவன்ரை வாழ்க்கை பிள்ளை. உனக்கு இன்னொரு வேலை வரும். அவனுக்கு இன்னொரு பட்டம் வராது. இந்தக் கூரைக்குக் கீழை இருந்துகொண்டு அவையளுக்குக் கேடு செய்தம் எண்டு வரக்கூடாது."

நான் குறுக்கே விழுந்தேன். கொழும்புக் கொம்பனிக்காரனுக்குக் கனடாப் பல்கலைக்கழகத்தோடு என்ன கொழுவல், அவன் ஏன் அங்கே எழுதப் போகிறான் என்று கேட்டேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் நான் திரும்பிப் பற்றரியின் வயரை முறுக்கினேன். மாமா முற்றத்தில் நின்று மண்வெட்டியைத் துடைத்தார், துடைத்து முடிந்ததையும் திரும்பத் துடைத்தார்.

அடுத்தநாள் காலை நினைத்த மாதிரியே கரண்ட் போனது. பற்றரியைக் கவனிக்க நான் அறையின் மூலையில் இருந்தேன், அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். திரையின் மறுபக்கத்தில் இருந்தவர் றஞ்சனி என்ற தமிழ்ப் பெண், கொம்பனியில் பெரிய பொறுப்பில் உள்ளவர். கடுமையான ஆள் இல்லை. முதலில் செய்நிரலை விளங்கப்படுத்தச் சொன்னார். கமலாசனி சொன்னாள் பாருங்கள், எனக்கு மயிர் சிலிர்த்தது. எந்தத் துண்டு எதற்கு, ஏன் அப்படி எழுதியது, ஏற்றம் நிற்கிற அதே இடத்தில் கணக்குக் கேட்டால் தூரம் பூச்சியமாகிச் செய்நிரல் விழுந்துவிடும், அதை விழாமல் தடுத்தது எப்படி என்று எல்லாம் சொன்னாள். றஞ்சனி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"இந்தப் புள்ளிகள எங்க இருந்து எடுத்தீங்க? ரெண்டிலயும் ஒரே இலக்கம். இதுக்கு மட்டும் ஒரு காரணம் சொல்லுங்க, போதும்."

யன்னல் திறந்திருந்தது. அதற்கு வெளியே கிணறு, அங்காலே கொட்டில், அங்காலே வேம்பு. கணினியை ஒரு சாண் திருப்பினால் போதும். அக்கா, அந்தா பாருங்கோ, அதுதான் என்ரை முதலாவது புள்ளி என்று சொன்னால் முடிந்தது. கனடாவில் பிறந்த பொடியனுக்குத் தர்மபுரத்துக் கிணறு எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்? கமலாசனியின் கை கணினியின் விளிம்பில் இருந்தது. நான் கடவுளே கடவுளே என்று இருந்தேன். குசினி வாசலில் மாமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிள்ளை ஒருமுறை திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"தெரியாது. அவர்தான் எழுதினவர். அவர் போட்டிருந்ததை நானும் பாத்துப் போட்டனான்" என்றாள்.

றஞ்சனி, வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். இன்னொரு தரமும் கேட்டார். இல்லை என்றாள். நன்றி சொல்லித் திரை அணைந்தது. மாமி வந்து மகளைக் கட்டிப்பிடித்து அழுதார். மகள் மரக்கட்டை மாதிரி இருந்தாள், அழவில்லை. நான் வயர்களைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கதை எப்படி ஊருக்குப் போனதென்று கேட்கத் தேவையில்லை. பெரியம்மா தன் பக்கத்துச் சொந்தங்களுக்கு, என்ரை மகன்ரையைக் களவாய் எடுத்து அனுப்பி மாட்டுப்பட்டிட்டாள், பாவம், நாங்கள் மன்னிச்சிட்டம் என்று சொல்லியிருக்கிறார். மாமி அதை மறுக்கவில்லை. கமலாசனி கொஞ்சக்காலம் வீட்டுக்குள் கிடந்தாள். பிறகு கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். காலையில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சட்டைக் கொலர் தைக்கிற பகுதி. மேற்பார்வைக்காரியாகப் போடலாம் என்றார்களாம், அவள் வேண்டாமென்றுவிட்டாள். கணினியை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். எப்போதாவது கண்டால் சுகம் கேட்பாள், வேலையைப் பற்றிக் கேட்டால் நல்லம் அண்ணை என்று ஒரு சொல்லில் முடிப்பாள். அவளுடைய கண்ணைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்று சுஜிதன் வந்தான். தனியாகத்தான் வந்தான். தாடி விட்டு, நல்ல உடம்பு வைத்து, அமைதியான பொடியனாக இருந்தான். தாயிடம் பழகிய தமிழ் என்றாலும் வடிவாகக் கதைத்தான். பொங்கலுக்குப் போய் வந்த மறுநாள், அவர்கள் வீட்டில் ஒரு சுவிச்சு வேலை செய்யவில்லை என்று நான் போயிருந்தேன். கமலாசனி வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டு நின்றாள். சுஜிதன் மனம் தாங்காமல் கேட்டான், இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஏன் அக்கா கொலர் தைக்கிறீங்கள் என்று. அந்த நேர்முகத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவள் நடந்ததை மெதுவாகச் சொன்னாள். குற்றம் சொல்லாமல், நான்கு வசனத்தில் சொன்னாள்.

சுஜிதன் எழும்பி அவளுக்குக் கிட்ட வந்தான்.

"நான் கம்பசை எப்பவோ விட்டிட்டன் அக்கா. உங்களுக்கு இனி வேண்டாம் எண்டு எழுதினனே, அண்டைக்கு விட்டது. இப்ப லொறி ஓடுறன். எனக்கு ஒரு பட்டமும் இல்லை. அம்மா சொல்லேல்லையோ?"

பெரியம்மா சொல்லவில்லை. மகன் படிப்பை விட்ட வெட்கத்தை அங்கேயும் இங்கேயும் மறைத்து, வராத பட்டமளிப்புக்கு மாதம் குறித்து அழுதிருக்கிறார். மாமி தன்னுடைய அக்காவைத் திட்டத் தொடங்கினார், வசனம் முடியவில்லை. கமலாசனி முகம் துடைத்த துவாயைக் கையில் வைத்தபடி சுஜிதனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் ஆரைக் காப்பாத்த எண்டு தம்பி அப்பிடிச் சொன்னனான்?" என்று கேட்டாள்.

அவன் அவளிடம் விலாசத்தைக் கேட்டு வாங்கி, இருந்த இடத்திலேயே றஞ்சனிக்கு மின்னஞ்சல் எழுதினான். இதை எழுதியது என் அக்கா, புள்ளிகள் இந்த வளவுதான், களவெடுத்தது நான்தான் என்று எழுதி, கிணற்றையும் கொட்டிலையும் வேம்பையும் படம் எடுத்து இணைத்தான். பங்கர் இருந்த இடத்தையும் எடுத்தான். அங்கே இப்போது மிளகாய் நட்டிருக்கிறார்கள். நல்ல பொடியன்தான். நல்லவனாக இருந்து என்ன?

அவன் திரும்பிப் போக முன்னம் பதில் வந்தது. கமலாசனிக்கு எழுதியிருந்தார்கள். அவள் அதை எனக்குக் காட்டினாள். உங்கள் வேலை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது, கேட்ட கேள்விக்கு அப்படி விளங்கப்படுத்த எழுதினவரால் மட்டும்தான் முடியும், அதனால்தான் இரண்டு தரம் கேட்டேன், ஒரு சொல் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று றஞ்சனி எழுதியிருந்தார். அந்த வேலைக்கு நேர்முகம் முடிந்த அடுத்த கிழமையே ஆள் எடுத்துவிட்டார்களாம். நீங்களே ஒப்புக்கொண்டது பதிவில் இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

நேர்முகத்தன்று அழாத பிள்ளை அன்றைக்கு அழுதாள். விறாந்தையில் குந்தியிருந்து, சத்தம் போட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். மாமி பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டுவதும் எடுப்பதுமாக, மகளைத் தொடப் பயந்துகொண்டு நின்றார்.